லாரிக்குக் குறுக்கே நின்றவர்

அலபாமா மாநிலத்தின் ஹார்லன் ஸ்பிரிங்ஸ் நகரில் நிறவெறி ஒழிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு. நூலகக் குழுவின் ஐந்து உறுப்பினர்களும் கைதூக்கி, அதை ஏகமனதாக ஒழித்தார்கள். ஒழிந்ததைக் கொண்டாட, ‘அந்தக் காலத்து மனப்பான்மைகள்’ என்று ஒரு சிறுகதைப் போட்டியும் அறிவித்தார்கள். ‘அந்தக் காலம்’ எந்தத் தேதியில் முடிந்தது என்று குறிப்பிட வேண்டாம் என ஒரு திருத்தமும் நிறைவேறியது.

தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெர்நெல் பிக்கெட், எழுபத்தொரு வயதில் தன் முதல் கதையை அனுப்பினார். 1964 கோடையில், நகராட்சி நீச்சல் குளத்தில் கறுப்புக் குழந்தைகளும் இறங்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு வாரமே லாரி லாரியாகச் சிமென்ட் கலவை கொட்டிக் குளத்தை மூடினார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்கும் குளம் போயிற்று. சமத்துவம் இவ்வளவு விரைவாக வேறெங்கும் வந்ததில்லை. பதினோரு வயதுக் கறுப்புச் சிறுமி வெர்நெல், அக்கா தைத்துக் கொடுத்த மஞ்சள் நீச்சலுடையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். கதை அவ்வளவுதான்.

குழுத் தலைவர் கிரேடி டாட்லாக் அவரை வரவழைத்து, இனிப்புத் தேநீர் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மிஸ் வெர்நெல், கதை நெஞ்சைப் பிழிஞ்சிடுச்சு. ஒரே ஒரு குறை. இதுல நல்லவங்க யாருமே இல்லையே?”

“எங்க அக்கா இருக்காளே.”

“அவங்க சரி. நான் சொல்றது... எங்க பக்கத்துல.”

வாசகர்கள் கனத்த மனதோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது குழுவின் கொள்கை என்று விளக்கினார். யாராவது ஒரு நல்ல வெள்ளைக்காரர் லாரிக்குக் குறுக்கே நின்றால் போதும். தடுத்து நிறுத்த வேண்டியதில்லை. நின்றாலே இலக்கியம்.

வெர்நெல் கதையைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் குளம் இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது. அக்காவும் போன வருடம் போய்விட்டாள். அச்சிலாவது இருக்கட்டும் என்று, வைக்கோல் தொப்பி போட்ட பெயரில்லாத ஒரு மனிதரை எழுதிக் கொடுத்தார்.

முதல் பரிசு கிடைத்தது. விழாவில் அவர் கதையை வாசித்து முடித்ததும், கூட்டம் மேடையை நோக்கி நகர்ந்தது. அந்தத் தொப்பிக்காரர் தன் பெரியப்பா என்றார் மருந்துக்கடைக்காரர். தன் தாத்தா என்றார் பாதிரியார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அது தானேதான் என்றார். அப்போது அவருக்கு வயது நான்கு. டாட்லாக் முண்டியடித்து முன்னால் வந்தார். அது தன் அப்பாவாம். அப்பா அன்றைய நகராட்சி உறுப்பினர். குளத்தை மூடக் கைதூக்கியவர்களில் ஒருவர்.

மொத்தம் ஒன்பது பேர். வெர்நெல் ஒருவர் பேச்சிலும் குறுக்கிடாமல், ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம். இத்தனை பேர் குறுக்கே நின்னாங்கன்னா, அந்த லாரி எந்த வழியா உள்ள வந்துச்சு?”