சோம்பேறிச் சந்தின் கேப்டன்

கல்யாணப் பத்திரிகையில் பெண் வீட்டு முகவரியைப் படித்துச் சிரிக்க ஆரம்பித்த சம்பந்தி பெல்மிரோ, காப்பி ஆறும்வரை நிறுத்தவில்லை.

"சோம்பேறிச் சந்தா? லிஸ்பன்காரங்க சோம்பேறின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இதை எங்க போர்ட்டோவுல எப்படி நான் காட்டுவேன்?"

முடிதிருத்தும் கடை வைத்திருந்த அதெரிட்டோவின் முகம் சுருங்கிவிட்டது. மகள் கிராசியெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்ததும் வாய் தானாகப் பொய்யை அவிழ்த்துவிட்டது.

"அது குணம் இல்ல சம்பந்தி. ஒரு கப்பல் கேப்டனோட குடும்பப் பேரு. புயல்ல ஊரையே காப்பாத்தினவரு."

பெல்மிரோ சிரிப்பை விழுங்கினார். அதோடு விட்டிருக்கலாம். ஊருக்குத் திரும்பும் வழியில் நகராட்சிக்குள் நுழைந்து, இப்பேர்ப்பட்ட வீரருக்கு ஒரு நினைவுப் பலகைகூடக் கிடையாதா என்று சண்டை பிடித்துவிட்டார். தெருப்பெயர்களுக்கான அதிகாரியோ அந்தச் சந்தின் பெயர்க் காரணம் தெரியாமல் வெகுநாளாக முழித்துக்கொண்டிருந்தவர். கடைக்கே தேடி வந்தார். மறுத்துவிடலாம் என்று வாயைத் திறந்த அதெரிட்டோ, மகளை நினைத்து, கேப்டனுக்கு ஒரு சொந்த ஊரையும் ஒரு மரக்கட்டைக் காலையும் சேர்த்துக் கொடுத்தார். அதிகாரி மனம் குளிர்ந்துபோய், பலகையில் போட ஒரு படம் கேட்டார்.

படத்துக்கு எங்கே போவது? பரணில் தாத்தாவின் புகைப்படம் கிடந்தது. அதெரிட்டோ பிறக்கும் முன்பே போய்ச்சேர்ந்தவர். வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசியதில்லை. மார்பளவுப் படம் என்பதால் காலைப் பற்றியும் கவலையில்லை.

திறப்பு விழாவுக்குப் பெல்மிரோ ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தார். மத்தி மீன் சுடும் புகையில் சந்தே மணத்தது. திரை விலகியதும் பெல்மிரோ படத்தைப் பார்த்தார், அதெரிட்டோவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"அச்சு அசல் உங்க மூக்கு, சம்பந்தி."

அதெரிட்டோ மகள் பக்கம் திரும்பினார். கிராசியெட் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி பூரித்து நின்றாள்.

"என் தாத்தாதான்" என்றார் அதெரிட்டோ. இதாவது நிஜம் என்பதில் ஒரு நிம்மதி. "நம்ம பெருமையை நாமே எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

பெல்மிரோ கண் கலங்கி அவரைக் கட்டிக்கொண்டார். போர்ட்டோ கூட்டம் கைதட்டியது.

எதிர்வீட்டு எத்தெல்வினா, தொண்ணூறு வயது மீன்காரி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து படத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஆமா, இவனாலதான் சந்துக்கே இந்தப் பேரு. மீன் வாங்கக்கூடக் கட்டிலை விட்டு எறங்க மாட்டான். எங்கம்மா ஜன்னல் வழியாத்தான் நீட்டுவா."