பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தவர்

நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரை நெஞ்சில் குத்தி எழுப்பியவள் நான். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். ஆனால் என் வீட்டில் பேசுவதைக் கேட்டால் எனக்கு அதுதான் முழுநேர வேலை என்று நினைப்பீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தேன். இதயம் நின்றுபோனால் நடுநெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டு ஓடவைக்கலாம் என்று முந்தின வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து என் கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. (யாருக்காவது இதயம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. சத்தியமாக!)

சித்திரை மாதத்து மதியம். எதிர்க் கட்டில்காரர் திடீரென்று அலறினார். "டாக்டரம்மா! பன்னெண்டாம் நம்பரு பேச்சு மூச்சில்லாம கெடக்காரு, ஓடியாங்க!"

பன்னிரண்டாம் நம்பர், மாரடைப்பு வந்து எழுமலையிலிருந்து இரண்டு நாள் முன்பு வந்து சேர்ந்த விவசாயி. ஓடினேன். கட்டிலில் ஒருவர் தலையோடு கால் போர்த்திக் கிடந்தார். முதலில் தட்டிக் கூப்பிட வேண்டும், அப்புறம் நாடி பார்க்க வேண்டும். அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வந்தது? முக்காலியில் ஏறி நின்று, விட்டேன் ஒரு குத்து.

"யாத்தே!" என்று அலறிக்கொண்டு ஆள் எழுந்து உட்கார்ந்தார்.

"பொழச்சிட்டாரு! சிஸ்டர், பொழச்சிட்டாரு!" என்று நான் குதித்தேன். "எந்திரிக்காதீங்கண்ணே, படுங்க!"

"யம்மா, நான் நல்லாத்தேன் இருந்தேன்! நோயாளி நானில்ல. நான் அவரு பொண்டாட்டிக்குத் தம்பி!"

"அப்ப அவரு எங்க?"

"வெக்கையில இரும்புக் கட்டிலு காந்துதுன்னு மச்சான் கீழ படுத்துட்டாரு. காலியாக் கெடந்தா வேற ஆளுக்குக் குடுத்துருவீகன்னு நான் எடம் புடிச்சு வச்சிருந்தேன்."

(பஸ் சீட்டில் துண்டு போடுவோமே, அது மாதிரி. துண்டுக்குப் பதில் இவர்.)

எதிர்க் கட்டில்காரர் படுத்தபடியே கட்டிலுக்கு அடியில் கை காட்டினார். தொங்கிய போர்வையை விலக்கிப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்து, அசைவில்லாமல் கிடந்தார் மச்சான். அடப்பாவி, ஆளை மாற்றி அடித்து அந்த மனிதரின் நேரத்தை வீணாக்கிவிட்டேனே!

"அண்ணே, கட்டிலத் தூக்குங்க!"

குத்து வாங்கிய மனிதர் ஒற்றை ஆளாக அதைப் புரட்டித் தள்ளினார். இந்த முறை நாடி பார்த்தேன். இல்லை. இரண்டு கையையும் வைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். சிஸ்டர் காற்றுப் பையைக் கொண்டுவந்து மூச்சுக் கொடுத்தார்.

"மச்சான், போயிராதீக மச்சான்! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!" என்று மச்சினன் அழுதார். நானும் அழுதுகொண்டேதான் அழுத்தினேன். ஷாக் கொடுக்கும் மிஷின் வந்தது. இரண்டாவது ஷாக்கில் நாடி திரும்பியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் எக்ஸ்ரே பார்த்தார்கள். அத்தனை அழுத்தியும் மச்சானுக்கு ஒரு விலா எலும்புகூட உடையவில்லை. மச்சினனுக்கு மட்டும் ஒன்றில் விரிசல்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நோயாளிக்கு வைத்தியம் பண்ணது சரி. பாக்க வந்தவருக்கு எதுக்கும்மா பண்ணுன?"

சில வருஷம் கழித்து, மச்சானின் மகள் கல்யாணத்துக்கு என் கணவரோடு போயிருந்தேன். மச்சினன் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தல் நடுவில் நிறுத்தினார். "எங்க மச்சான் உசுரக் காப்பாத்துன டாக்டரம்மா இவுகதேன். மொதக் குத்த மட்டும் எனக்குக் குடுத்துட்டாக!"

பந்தலே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பெண்ணின் அப்பாதான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சிரிக்காமல் நின்றவர் என் கணவர் ஒருவர்தான். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அவருக்கு இந்தக் கதை தெரியாது. அன்றிலிருந்து இன்றுவரை, மதியம் சாப்பிட்டுப் படுக்கும் முன் அடுப்படி வரை வந்து, "இந்தா பாரு, நான் தூங்கத்தேன் போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.