சம்பந்தி ஊர்க் காற்று

மேசைமேல் இருந்த குட்டி இயந்திரம் ஐம்பத்தெட்டு என்று காட்டியது. தன் வீட்டில் வெறும் முப்பத்தொன்றுதான் என்று சம்பந்தி காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

மகள் குடியிருக்கும் நகரத்தில் தெருவுக்குத் தெரு கட்டடம் இடிக்கிறார்கள். பேத்திக்கு இழுப்பு வந்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத பொடித்தூசி மூச்சோடு போய் நுரையீரலின் அடியில் உட்கார்ந்துகொள்ளும், பிஞ்சு உடம்பு தாங்காது, கொஞ்ச காலம் தூசி குறைந்த ஊரில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்க ஊர்தான், எங்க ஊர்தான் என்று இரண்டு தாத்தாக்களும் மல்லுக்கு நிற்க, மகள் ஆளுக்கொரு தூசி அளக்கும் இயந்திரம் அனுப்பிவைத்தாள். எண் எங்கே குறைவோ, பேத்தி அங்கே.

"துடைச்சா இறங்கிடும்," என்றார் மனைவியிடம்.

பெருக்கினால் தூசி கிளம்பும் என்று துடைப்பத்தை ஒளித்துவைத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு வீட்டையே துடைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. எண் அறுபத்தாறு.

தெருத்தூசிதான் உள்ளே வருகிறது என்று முடிவுகட்டினார். பீரோவிலிருந்த படுக்கை விரிப்புகளையெல்லாம் நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டார். எழுபத்து நான்கு.

அடுத்து சந்தேகம் அடுப்பங்கரைமேல் விழுந்தது. வறுக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, எதுவானாலும் தண்ணீரில் வேகவைத்தால் போதும் என்று உத்தரவு போட்டார்.

"உப்பு போடலாமா, அதுவும் தூசியா?" என்று மனைவி கேட்டாள்.

வீடெல்லாம் ஆவி பறந்தது. எண்பத்தொன்று.

கடைசியில் தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி வாசலிலேயே நிறுத்தினார். வாசல் குளமானது. எதிர்வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து, எழுந்திருக்காமலே திட்டினார். இவர் காதில் வாங்காமல் உள்ளே ஓடினார். எண்பத்தொன்பது.

இந்தக் காற்றையா இத்தனை வருஷம் சுவாசித்தோம் என்று நினைத்ததுமே இருமல் வந்தது. துணைக்கு மனைவியும் இருமினாள். முப்பது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று மனசு தடுமாறியது. பேத்தியின் மூச்சு விசில் அடிப்பதுபோல் கேட்டது நினைவுக்கு வந்தது. போனை எடுத்தார்.

"சம்பந்தி, குழந்தை உங்ககிட்டயே இருக்கட்டும். இங்க எண்பத்தொன்பது."

மறுமுனையில் சம்பந்தி பதறிப்போனார். அந்த ஊரில் இனி ஒரு நிமிஷம் இருக்க வேண்டாம், நீங்களும் தங்கச்சியும் கிளம்பி இங்கேயே வந்துவிடுங்கள் என்றார். தோற்றதைக்கூட இவர் தாங்கிக்கொண்டார். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

பேத்திக்கென்று இவர் வாங்கிப் போட்டிருந்த கட்டிலை எடுத்துப்போக மறுநாள் மாப்பிள்ளை வந்தார். ஈரத்தரையில் வழுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்தார். இவர் இயந்திரத்தை அவர் கையில் திணித்தார்.

"இதையும் கொண்டு போயிடுங்க மாப்பிள்ளை. பார்த்தாலே வயிறு எரியுது."

மாப்பிள்ளை அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"மாமா, தூசி இதோ கீழே பொடியா தெரியுதே, அந்த ஒன்பது. நீங்க படிச்ச பெரிய எண்ணு காத்துல இருக்கிற ஈரம்."