விலாங்குக்கு மதியச் சாப்பாடு

"யாரு, நானா? ஒரு மீனைப் பார்த்து நான் பொறாமைப்படறேனா? அத்தை, நீங்க பெரியவங்க, அதனால பொறுத்துக்கிட்டுப் பேசறேன். தொட்டி வைக்க எடம் வேணும்னு என் துணி அலமாரியை மூலைக்குத் தள்ளினது யாரு? உங்க பொண்ணு. எனக்கு நேத்து மிஞ்சினது, அதுக்குப் புது எறால். அதுவும் தோல் உரிச்சு, நறுக்கி. சரி, எனக்கு எறால் ஒத்துக்காதுதான். அதுவா இப்பப் பேச்சு? அத்தை? வெச்சுட்டீங்களா?"

போனை வெச்சுட்டாங்க. தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து, துணியை வெட்டற சாக்குல கொஞ்ச நேரம் காத்தை வெட்டினாரு.

பொறாமை இல்லைன்னு அவர் சொன்னா நம்பிடுவோமா? மனைவி பல் ஆஸ்பத்திரியில நர்ஸ். சாயங்காலம் வந்ததும் தையல் மெஷின் பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காந்து, ஹூக் வெச்சுக்கிட்டே, அன்னிக்கு எந்த நோயாளி எந்த டாக்டர் விரலைக் கடிச்சான்னு சொல்லுவாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மனுசன் நாள் முழுக்க பெடல் மிதிச்சாரு. விலாங்கு வந்துச்சு. முக்காலி தொட்டி முன்னாடி போயிடுச்சு. இவருக்கு மிச்சம் மனைவியோட முதுகுதான். தோளுக்குத் தோள் எத்தனை அங்குலம்னு டேப் இல்லாமலே சொல்ற அளவுக்குப் பார்த்துட்டாரு.

விலாங்கோ, டேப்பை விடக் கொஞ்சம் தடிமன். பிளாஸ்டிக் குழாய்க்குள்ள பூந்துக்கிட்டு மூக்கு நுனியை மட்டும் காட்டும். வந்ததுலேருந்து ஒரு வாய் தின்னலை, வெறும் பட்டினிதான்.

"தங்கம், ஒரே ஒரு வாய்டா" என்று மனைவி நீளமான இடுக்கியில எறாலை நீட்டுவாங்க.

"கல்யாணமான புதுசுல நான் கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம இருந்தப்ப என்ன சொன்ன?"

"பசிச்சா தானா வருவீங்கன்னு."

"இதுக்கும் அதையே சொல்லேன்."

"இது வாயில்லா ஜீவன்ங்க. உங்களுக்கு அந்தக் குறை இல்லையே."

விலாங்கை வித்த வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாப்பிடலேன்னா அவரே வந்து திருப்பி எடுத்துக்குவாராம். தையல்காரர் அந்த ஞாயித்துக்கிழமையைத்தான் நம்பியிருந்தாரு. ஆனா ஒரு சாயங்காலம், விலாங்கு அவங்க இடுக்கியைப் பார்த்துத் தலையை முழுசா வெளிய நீட்டிடுச்சு. மனைவி முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். நிச்சயதார்த்தத்தன்னிக்குக்கூட இவர் பார்க்காத வெளிச்சம். இன்னும் ரெண்டு நாள் போனா இது அவ கையால தின்னுடும். அப்புறம் முக்காலி திரும்பவே திரும்பாது.

அதுக்குத்தான் திட்டம். மதியமே வயித்தை ரொப்பிட்டா, சாயங்காலம் எவன் வாயைத் தொறப்பான்?

மறுநாள் மெஷினை நிறுத்தினாரு. கதவைச் சாத்தினாரு. கோட்டுக்கு வெச்சிருந்த கறுப்பு லைனிங்கைத் தொட்டி மேல போத்தி இருட்டாக்கினாரு. இடுக்கியை நீட்டினா உள்ள ஓடுது. அப்பத்தான் ரோஸ் நூல் கண்ணுல பட்டுச்சு. அளவு ஸ்கேல் நுனியில நூலைக் கட்டி, இழுத்தா அவுந்துடற முடிச்சுல எறால் துண்டைத் தொங்கவிட்டு, குழாய் வாசல்ல மெதுவா ஆட்டினாரு. கை வலிச்சு, கழுத்து வலிச்சு, போதும்டான்னு நெனச்ச நேரத்துல, லபக்.

சந்தோசத்துல திரும்பி யார்கிட்டயாவது சொல்லப் பார்த்தாரு. சொல்லக்கூடிய ஒரே ஆள்கிட்டதான் சொல்லவே கூடாது.

சாயங்காலம் விலாங்கு அசையலை.

"நம்ம வீடு அதுக்குப் பிடிக்கலை போலருக்கு, பாவம்" என்று தையல்காரர் பெருமூச்சு விட்டாரு.

தினமும் மதியம் இதே கூத்து. ரெண்டு ரவிக்கை தாமதமாச்சு. 'அந்தப் பாம்பு'ன்னு அவர் திட்டிக்கிட்டிருந்தது எப்போ 'மாப்ள' ஆச்சுன்னு அவருக்கே தெரியாது. எந்த வாடிக்கையாளருக்கு இடுப்பு எவ்வளவு ஏறிப்போச்சுங்கற ரகசியமெல்லாம் மாப்ளைக்குத் தெரியும்.

சனிக்கிழமை மனைவி லீவு போட்டாங்க. தொட்டி பக்கம் போக வழியே இல்லை. ஞாயித்துக்கிழமையும் வீட்டுலயே. மாப்ள ரெண்டு நாளாப் பட்டினி. இவருக்குச் சோறு எறங்கலை.

கடைக்காரர் கையில ஒரு நீளப் பையோட வந்தாரு. மனைவி காதுல போன், மறுமுனையில அவங்க அம்மா. "கொண்டுபோறதுக்கு முன்னாடி நீங்களே ஒருதரம் ஊட்டிப் பாருங்களேன்" என்றாங்க மனைவி, கடைக்காரர்கிட்ட.

கடைக்காரர் இடுக்கியைக் குழாய்ல டங்குன்னு இடிச்சாரு. அதுக்கே மாப்ள தலையை வெளிய நீட்டிடுச்சு. கண்டவன்கிட்டயெல்லாம் இளிக்குதேன்னு தையல்காரருக்கு உச்சந்தலை சூடாச்சு.

"யோவ், இடிக்காதய்யா. அவனுக்கு அப்படிக் குடுத்தா பிடிக்காது."

"எவனுக்கு?" என்றாங்க மனைவி.

அது அவர் காதுல ஏறவே இல்லை. லைனிங் வந்துச்சு, ஸ்கேல் வந்துச்சு, ரோஸ் நூல் வந்துச்சு. மாப்ள பாதி உடம்பை வெளிய விட்டு, எறாலை முழுங்கி, அவர் விரலையும் ஒரு உரசு உரசிட்டுப் போச்சு.

"பார்த்தீங்களா? இவன் என் கையால மட்டும்தான்…" சட்டுனு ஸ்கேலை முதுகுக்குப் பின்னாடி மறைச்சாரு.

மனைவி கைப்பையிலேருந்து ஒரு துண்டு ரோஸ் நூலை எடுத்தாங்க. "புதன்கிழமை தொட்டி மூடியில தொங்குச்சு. மீன் ரவிக்கை தைக்கக் கத்துக்கிச்சோன்னு பார்த்தேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"பகல்ல ஒரு ஆள் பொறுமையா உக்காந்து ஊட்டினாத்தான் பழகும்னு இந்தக் கடைக்காரர் வாங்கின அன்னிக்கே சொல்லிட்டாரு. நேராக் கேட்டிருந்தா நீங்க செஞ்சிருப்பீங்களா?"

கடைக்காரர் இளிச்சுக்கிட்டே பையைப் பிரிச்சாரு. உள்ள இருந்தது ஒரு பெரிய குழாய். வளர்ற மீனுக்குப் புது வீடு.

மனைவி முக்காலியைத் தூக்கிட்டு வந்து, பழையபடி தையல் மெஷின் பக்கத்துல போட்டு உக்காந்தாங்க. எதுக்காக இத்தனை பாடுபட்டாரோ அது கெடச்சாச்சு. ஆனா தையல்காரர் திரும்பவே இல்லை. அடுத்த எறால் துண்டுக்கு முடிச்சு போட்டுக்கிட்டு, அவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு.

மனைவி போனை அவர் பக்கம் நீட்டினாங்க.

"ஏங்க, அம்மா ஸ்பீக்கர்ல இருக்காங்க, கடைக்காரர் சாட்சிக்கு நிக்கிறாரு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. உங்களுக்குப் பொறாமை மீன் மேலயா, அதுக்கு ஊட்ட வர்றவங்க மேலயா?"