நாற்பது பேர் காது கொடுத்துக் கேட்ட கச்சேரி

கச்சேரியில் ஆள் தூங்கினால் வாசிக்கிறவர் வருத்தப்படக் கூடாது. தூங்காமல் காது கொடுத்துக் கேட்பதுதான் பெரிய ஆபத்து. இருபத்து நான்கு வயதில் எனக்கு இது தெரிந்திருந்தால், இந்நேரம் வேறு நாட்டில் இருந்திருப்பேன்.

சென்னையில் செல்லோ (வயலினுக்குப் பெரியப்பா முறை; உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும்) படித்துவிட்டு நாமக்கல்லுக்குத் திரும்பியபோது என் கால் தரையில் பாவவில்லை. வெளிநாட்டில் இசையமைப்புப் படிக்க இடம் கிடைத்த கடிதம் கையில் இருந்தது. நான் எழுதுவது புதுவகை மேற்கத்திய இசை. அதில் ராகம் கிடையாது, தாளம் கிடையாது. வில் கம்பியில் உரசும் சத்தம், குழலுக்குள் காற்று போகும் சத்தம், அவற்றின் நெளிவு சுளிவுதான் எல்லாம். சில இடங்களில் அதுவும் இருக்காது.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் அப்பா, கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டார். "நம்ம சனத்து முன்னால ஒருக்கா வாசிச்சுக் காட்டு சாமி. அவிகளுக்குப் புடிச்சுதுன்னா நீ போ. இல்லீன்னா பேசாம பண்ணையப் பாரு."

"சரிங்கப்பா" என்றேன். அவ்வளவு திமிர்.

ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஏற்பாடு. வந்த நாற்பது பேரும் அப்பாவைப் போலக் கோழிப்பண்ணைக்காரர்கள். புல்லாங்குழலுக்கு என் நண்பன் தினேஷ், வயலினுக்கு அவன் தங்கை மீரா, இருவரும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். சித்திரை வெயிலில் மின்விசிறிகளையெல்லாம் நிறுத்தச் சொன்னேன் (இரைச்சல் இடைஞ்சலாம்!). யாரும் என்னை அடிக்க வரவில்லை, அது எங்கள் ஊர்ப் பண்பு.

ஆரம்பித்தோம். தினேஷ் சுரமே இல்லாமல் வெறும் காற்றை ஊதினான். மீராவும் நானும் வில்லை மெல்ல இழுத்தோம். செல்போன் அடிக்கும், கதை பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒன்றும் இல்லை. முன்வரிசையில் பழனிசாமி மாமா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். பக்கத்தில் ஏதோ கேட்க வந்தவரைக் கையமர்த்தினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது தலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சென்னையில் மெத்தப் படித்த கூட்டம்கூட இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது (பைத்தியம்!).

எட்டாவது நிமிடம் மாமா எழுந்தார். மேடையேறி வந்து, தினேஷின் முதுகில் காதை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போதும், நிறுத்து அம்மிணி. இந்தத் தம்பிக்கு மூச்சு இழுக்குது."

கோழிக்குச் சளி பிடித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதன் மூச்சுதான். விளக்கை அணைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நடுவே நின்று, எந்த மூலையில் கரகரப்பு கேட்கிறது என்று கண்டுபிடிக்கிறவர்கள் இந்தப் பண்ணைக்காரர்கள். கோட்டைவிட்டால் பண்ணையே போச்சு. இது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். மேடையில் ஏறியதும் மறந்துவிட்டது.

"எனக்கு மொதல்லயே கேட்டுதுங்க" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். "அந்தத் தம்பிக்கு மட்டுமில்லீங்க, வயலின் புள்ளைக்கும் சேத்தி."

"ஏனுங்க, கரகரப்பு அம்மிணியோட பெரிய பொட்டிக்குள்ள இருந்துதானுங்க வருது?" என்றார் இன்னொருவர்.

"எனக்கு ஒண்ணுமில்ல அங்கிள்!" என்று தினேஷ் கத்திப் பார்த்தான். விசிறியில்லாத வெக்கையில் தொண்டை வறண்டு, குரல் கரகரவென்றுதான் வந்தது. "பாருங்க, தொண்டையும் புடிச்சுக்கிச்சு" என்று அவனை அலாக்காகத் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மீராவைத் தனியாக ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதாம்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பாவிடம் கெஞ்சினேன். "நாப்பது பேரும் ஒரு சத்தங்கூட விட்டுடாமக் கேட்டாங்கப்பா!"

"கேட்டாங்க சாமி. அவிகளாட்ட ஆரும் உனக்குக் கேக்கமாட்டாங்க. அப்படிக் கேட்டும் ஒருத்தருக்கும் அது பாட்டுன்னு தோணலையே."

கடிதத்தில் போட்டிருந்த கெடு தாண்டிப்போனது. செல்லோவை உறைக்குள் போட்டுவிட்டுப் பண்ணைக்குப் போனேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும், "அம்மிணி பாட்டு ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள். விருந்தாளிகளுக்குக்கூட இந்தக் கதை மனப்பாடம். போன மார்கழியில் அப்பாவுக்கே நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் என்னைக் கண்டதும், "வா சாமி, உன்ற பாட்டுத்தான் ஓடுது, கேளு" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சு எங்கே இழுக்கிறது, எங்கே விடுகிறது என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். எனக்கும் அது பாட்டாகத் தோன்றவில்லை.