மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த குழாய்

அன்பும் அறிவும் நிரம்பி வழிகிற மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இவ்விடம் காதுகள் நீங்கலாக எல்லாரும் நலம். அவ்விடம் உங்கள் நலத்தையும், உங்கள் காரில் மட்டும் இன்னமும் கம்பெனி மேனிஃபோல்டே இருக்கிற காரணத்தையும் அறிய ஆவல்.

போன மாதம் என் காரில் எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்புகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டபோது மெக்கானிக் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "கம்பெனி வார்ப்பிரும்பே போட்டுடுங்க சார். கனம்தான், ஆனா வாயைத் திறக்காது" என்றார். நான் தலையாட்டுவதற்குள் நீங்கள் குறுக்கே புகுந்து, அதற்குப் பதில் ஹெடர்ஸ் போட்டால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், புகை முட்டி மோதாது, எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், மேல் வேகத்தில் சக்தி கூடும் என்று சொற்பொழிவே ஆற்றினீர்கள். மேல் வேகமாம். நான் போவது நூலகத்துக்கும் தபால் நிலையத்துக்கும். நாலாவது கியர் என்று ஒன்று இருப்பதையே என் கார் மறந்து வெகுகாலமாகிறது. கார் விஷயத்தில் என்றைக்குமே கருத்து சொல்லாத உங்கள் அத்தைகூட அன்று, "மாப்பிள்ளை சொல்றதையே போடுங்களேன்" என்றாள். நானும் சரி என்றேன். என் புத்தியை என்ன சொல்ல.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. எதிர்வீட்டு வக்கீல் பால்கனிக்கு வந்து, "லாரி எப்ப சார் வாங்கினீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். அடுத்த வாரம் குழாயின் சூட்டில் பிளக் வயர் உருகி, சிக்னல் நடுவில் கார் படுத்துக்கொண்டது. பின்னால் ஹாரன் அடித்தவர்கள் எல்லாரும் உங்களைத்தான் வாழ்த்தினார்கள், பெயர் தெரியாததால் என்னைப் பார்த்து வாழ்த்தினார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இனி சொல்வது நமக்குள் இருக்கட்டும். என் காலில் ஒரு புண் ஆறாமல் இருப்பதால் டாக்டர் இனிப்பைத் தொடக் கூடாது என்று சொன்னதும், உங்கள் அத்தை அதைப் பிடித்துக்கொண்டதும் தெரியும்தானே. மனிதன் நூலகம் போகிற வழியில் ஒரு கிரீம் பன் தின்றால் உலகம் நின்றுவிடுமா? முன்பெல்லாம் யாருக்கும் தெரியாது. இப்போது வீட்டுக்குள் நுழையும்போதே சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

"தபால் ஆபீஸ் முக்குல திரும்பினீங்க. பேக்கரி வாசல்ல ஆஃப் பண்ணினீங்க. எதுக்கு?"

"வழி கேட்டேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து குடியிருக்கிற தெருவுலயா?"

பேக்கரிக்காரர் வேறு, என் வண்டிச் சத்தம் கேட்டதுமே பன்னைப் பொட்டலம் கட்டித் தயாராக வைத்துவிடுகிறார். ஹெடர்ஸால் கண்ட நன்மை அது ஒன்றுதான். ஆகவே தாமதிக்காமல் ஒரு புதிய கம்பெனி மேனிஃபோல்டு வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக்கொடுங்கள். இல்லாவிட்டால் நான் காரையே விற்றுவிட்டு, உங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிடுவேன்.

இதைத் தபாலில் சேர்க்கக் காரை எடுத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பதால், உறையை ஒட்டி உங்கள் அத்தையிடமே கொடுக்கிறேன். பிறர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

உங்கள் காரைப் போலவே உங்கள் குடும்பமும் சத்தமில்லாமல் நெடுநாள் ஓட ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டுகிறேன். நான் கேட்டுக்கொண்டபடி, கிடைத்ததிலேயே அதிகச் சத்தம் போடுகிற குழாயாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தீர்கள். பழி மட்டும் உங்கள் தலையில் விழுந்துவிட்டது, மன்னிக்கணும். அந்தக் காலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. புண் ஆறுகிறவரை கம்பெனி மேனிஃபோல்டு எங்கேயும் கிடைக்கவில்லை என்றே பதில் எழுதுங்கள். நான் இத்தனை நாளும் அவர் தின்பது பிஸ்கட் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.