துடைப்பக்கட்டை தூரம்

"கையால தொடாதே! கட்டையால தள்ளு!"

காப்பீட்டு அதிகாரி போட்ட சத்தத்தில் அவர் மனைவி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். வாசலில் ஒரு காகிதப் பை உட்கார்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்த டெலிவரிக்காரர் மாடிப்படித் திருப்பத்தில் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

"சார், வெச்சிட்டேன். கிளம்பலாமா?"

"கிளம்புங்க, கிளம்புங்க! இறங்கும்போது கைப்பிடியைத் தொட்டுடாதீங்க!"

எங்கே வழுக்கும், எது இடியும், எவன் தலையில் எது விழும் என்று யோசித்தே சம்பளம் வாங்கியவர் அவர். தொற்று வந்து அலுவலகத்தை மூடியதும் அந்த யோசனை முழுவதும் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது.

சும்மா பயந்தார் என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளறையில் மாமியார் இருந்தார். போன வருடம் நிமோனியா வந்து பிழைத்ததே பெரிய பாடு. "இவங்களுக்கு இந்தத் தொற்று வந்தா நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் சொன்னதிலிருந்து அதிகாரிக்குச் சரியான தூக்கம் இல்லை. பெற்றவள் முகமே நினைவில்லாதவர் அவர். கல்யாணமான புதிதில் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தவர் இந்த அத்தைதான். அந்த மூச்சுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

அதனால்தான் கடைக்குப் போவதா, வீட்டுக்கே வரவழைப்பதா என்று நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வரவழைத்தார்.

பையைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு வெங்காயம் இருந்தது.

"ரெண்டு கிலோ கேட்டேன். ரெண்டே ரெண்டு அனுப்பியிருக்கான்!"

"ஃபோன்ல எதை அமுக்கினீங்க?"

"ரெண்டுனு அமுக்கினேன்."

"ரெண்டு என்னதுனு பார்க்க வேண்டாமா?"

பதில் சொன்னால் வளரும் என்று அவர் சோப்புத் தண்ணீர் வாளியை இழுத்து எல்லாவற்றையும் முக்கினார். வெங்காயம் குளித்தது. பிஸ்கட் பாக்கெட் குளித்தது. சர்க்கரைப் பாக்கெட்டும் குளித்தது. அதில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்திருக்கிறது. வெளியே எடுத்தபோது உறை மட்டும்தான் கையில் வந்தது. வாளித் தண்ணீர் இனித்திருக்கும், குடிக்கத்தான் முடியாது.

"பரவாயில்லை மாப்பிள்ளை. எனக்குச் சர்க்கரை ஆகாதுனு டாக்டரே சொன்னாரே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அது அதிகாரிக்கும் தெரியும். அதனாலேயே மனசு கேட்கவில்லை.

அடுத்த முறை கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஆர்டர் செய்தார். 'கேட்ட பொருள் இல்லாவிட்டால் அதே போன்ற வேறு பொருள் அனுப்பலாமா?' என்று ஃபோன் கேட்டது. அத்தைக்கு எதுவும் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று 'ஆம்' கொடுத்தார்.

அன்று மாலை அத்தை காபியில் தோய்த்துத் தோய்த்து மூன்று பிஸ்கட் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கெட்டி. உப்பு போட மறந்துட்டான்" என்றார்.

மனைவி உறையைத் திருப்பிப் பார்த்தாள். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு நாய் அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் சமையலறைக்குள் கணவரை இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள். "எங்கம்மாவுக்கு நாய் பிஸ்கட் வாங்கிக் குடுத்திருக்கீங்க."

"நான் எங்கடி குடுத்தேன்? அவன்தான்..."

"இனி அந்த ஃபோனைத் தொடாதீங்க. நானே கடைக்குப் போறேன்."

"நீயா? ராத்திரி அத்தை பக்கத்துல படுக்கிறவ நீ. உன் வழியா வந்தா என்ன பண்றது?"

அவரே போவதாக முடிவானது. மழைக்கோட்டு, அதன் மேல் சமையல் கையுறை, இரண்டு மாஸ்க், நீச்சல் கண்ணாடி. தெருவில் இறங்கியபோது எதிரே வந்த பூனைகூட வேறு பக்கம் போனது.

கடை வாசலில் வரிசை. ஒருவரை ஒருவர் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் மூச்சுக் காற்றிலேயே நீச்சல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. கழற்றவும் பயம். அலமாரியை முகத்தருகே இழுக்காத குறையாகத் தடவித் தடவி எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டார். பருப்பு, சர்க்கரை, நிஜ பிஸ்கட்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

சின்ன இருமல்தான். திரும்பினால் வெள்ளையாக ஒரு உருவம் மட்டும் தெரிந்தது. அது மறுபடி இருமியது, இந்த முறை அருகில். அவர் கையில் அகப்பட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். எப்படிக் கார்டைத் தேய்த்தார், எப்படித் தெருவுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. வீடு வரை மூச்சை அடக்கிக்கொண்டு வந்ததாகப் பின்னால் சொன்னார். மனைவி நம்பவில்லை.

பைகளைப் பிரித்தபோது பால்புட்டி வந்தது. அப்புறம் டயப்பர். கிலுகிலுப்பை ஒன்று. பருப்பைக் காணோம்.

"வண்டி மாறிடுச்சு" என்றார் பரிதாபமாக.

கதவோரம் நின்று பார்த்த அத்தையின் முகம் மலர்ந்தது. "என்னடி இது, விசேஷமா? இந்த வயசுலயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

மனைவி அம்மாவையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தாள்.

ஆனால் அதிகாரிக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அந்த இருமல்தான் காதுக்குள் இருந்தது. அப்போதே முன்னறையில் தன்னைத்தானே அடைத்துக்கொண்டார். முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே இருந்த கதவைச் சாத்தி, அடியில் துணியைச் செருகினார். சாப்பாட்டுத் தட்டு துடைப்பக்கட்டையால் தள்ளப்பட்டு வந்தது. போகும்போதும் அப்படியே போனது.

ராத்திரியெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். கொஞ்சம் இழுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். 'நான்தான் கொண்டுவந்துட்டேனோ?' என்ற கேள்வி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உடனே தெர்மாமீட்டரை வாயில் வைப்பார். காய்ச்சல் இல்லை. இருமிப் பார்ப்பார். வரவில்லை. ஒருநாள் இருமல் வரவழைக்க முயன்றே தொண்டை கட்டிக்கொண்டது.

மனைவியின் கோபம் மட்டும் தணியவில்லை போலிருந்தது. சமையலில் உப்புமில்லை, உறைப்புமில்லை. வெந்நீரைச் சாப்பிட்டதுபோல் இருந்தது. கோபத்தோடு சமைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம்!" என்று கதவு வழியாகக் குரல் கொடுத்தார். தப்பு தன் மேல்தானே.

ஒருநாள் மத்தியானம் அத்தையே கதவைத் தட்டினார்.

"போதும் மாப்பிள்ளை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இன்னும் என்ன சிறைவாசம்? உங்களை எதிர்ல வெச்சுச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு! எனக்கு ஒரு வாய் இறங்கலை."

அவர் எழுந்து கதவருகே வந்தார். "அறையை ஒரு தடவை பினாயில் போட்டுக் கழுவிட்டு வந்துடறேன் அத்தை" என்றார்.

பினாயிலுக்கு இந்த முறை மனைவியே ஆர்டர் செய்தாள். கேட்டது கேட்டபடி வந்தது. காப்பீட்டு அதிகாரி வாசல் கதவைத் திறந்தார். உள்ளே சாப்பாட்டு மேசையில் அத்தை தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "எதிர் நாற்காலியை இழுத்துப் போடுடி!" என்று மகளை விரட்டிக்கொண்டிருந்தார். பல நாளைக்கப்புறம் அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். உலகத்தின் மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது. மாஸ்க்கைக் கழற்றித் தாடையில் தொங்கவிட்டார்.

படித் திருப்பத்தில் அதே டெலிவரிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார், பை நனைஞ்சு போச்சு. வர்ற வழியில பள்ளத்துல இறங்கிட்டேன்."

"அதனால என்னப்பா?" அதிகாரி குனிந்து பையை முகத்தோடு சேர்த்து எடுத்தார். அடிப்பக்கம் சொட்டியது. நன்றாக மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தார். "வெறும் தண்ணிதான். உங்க தண்ணி பாட்டில் ஏதாவது உடைஞ்சிருக்கும். நீங்க கவலைப்படாதீங்க."

டெலிவரிக்காரர் ஒரு படி கீழே இறங்கினார். பிறகு இன்னொரு படி.

"சார்... அது பினாயில் சார். முழு பாட்டிலும் உடைஞ்சு கொட்டியிருக்கு, கீழ் மாடிக்காரங்ககூட மூக்கைப் பொத்திக்கிட்டுக் கதவைச் சாத்துறாங்க, உங்களுக்கு வாசனையே வரலையா?"